பெருத்துக்கொண்டே போகும் ராணுவ பாணி வண்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ பாணி வண்டி என்று எதைச் சொல்கிறோம்?

சுவர் போல நிமிர்ந்த முகப்பு, பெரியவர் மார்பளவுக்கு வரும் பானெட், உயரம் குறைந்த ஜன்னல்கள், அகன்ற சக்கர வளைவுகள், கரடுமுரடான பெரிய டயர்கள், பளபளப்பில்லாத சாம்பல் அல்லது மண் நிறம். இவற்றில் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்தால் அந்தத் தோரணை வந்துவிடும். பெரிய பிக்-அப், பெரிய எஸ்.யூ.வி. இரண்டும் இதில் அடங்கும். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட மூன்று அளவுகள்தான் முக்கியம்: பானெட்டின் முன்விளிம்பு தரையிலிருந்து எத்தனை செ.மீ., வண்டி எத்தனை கிலோ, பக்கக் கண்ணாடிகளை விரித்தால் அகலம் எவ்வளவு.

இவை உண்மையில் ராணுவ வண்டிகளிலிருந்து வந்தவையா?

சில வந்தவை, பல வரவில்லை. 1941-ல் உற்பத்திக்கு வந்த வில்லிஸ் ஜீப் சுமார் 3.3 மீட்டர் நீளம், 1.57 மீட்டர் அகலம், 1,100 கிலோ எடை. ராணுவத்துக்கென்றே செய்யப்பட்ட அந்த வண்டி இன்றைய சிறிய ஹாட்ச்பேக் கார்களைவிடக் குட்டையானது. எளிதில் தூக்கி ஏற்றலாம், சேற்றில் சிக்கினால் நாலு பேர் தள்ளி மீட்கலாம் என்பதுதான் அதன் பலம்.

1983-ல் அமெரிக்க ராணுவம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய ஹம்வீதான் இன்றைய தோரணைக்கு முன்மாதிரி. அதன் அகலம் சுமார் 2.16 மீட்டர், தரை இடைவெளி சுமார் 40 செ.மீ. இந்த அகலத்துக்குக் காரணம் உண்டு. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் பாகங்களை வண்டியின் நடுவே உயர்த்தி வைத்து, சக்கர மையத்தில் தனி கியர் பொருத்தியதால், வயிற்றுப் பகுதி தரையில் இடிக்காது. அகலமாக இருப்பதால் சரிவிலும் எளிதில் கவிழாது. இதன் பொதுமக்கள் வடிவம் ஹம்மர் என்ற பெயரில் 1992-ல் விற்பனைக்கு வந்தது.

2002-ல் வந்த ஹம்மர் எச்2-வில் அந்தப் பொறியியல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பிக்-அப்களோடு பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும் சேஸிஸ் மேல் ராணுவ உருவத்தைப் போர்த்தினார்கள். அதன் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளுக்கும் இதே கதைதான். வாங்குபவருக்குக் கிடைப்பது ராணுவ வண்டியின் முகம். அதன் வேலைத்திறன் கிடைப்பதில்லை.

எவ்வளவு பெருத்திருக்கின்றன?

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நிதி தந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.எச்.எஸ். கணக்குப்படி, அங்கே சராசரிப் பயணிகள் வண்டி 30 ஆண்டுகளில் 10 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் 20 செ.மீ. உயரமும் சுமார் 450 கிலோ எடையும் கூடியிருக்கிறது. ஐரோப்பாவில் புதிய கார்களின் சராசரி அகலம் 2018-ல் 177.8 செ.மீ.; 2023-ன் முதல் பாதியில் 180.3 செ.மீ. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில், 2023-ல் உலகில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்.யூ.வி.கள்.

உச்சத்தில் இருப்பவை: மின்சார ஹம்மர் பிக்-அப் 5.5 மீட்டர் நீளம், கண்ணாடி சேர்க்காமல் சுமார் 2.2 மீட்டர் அகலம், சுமார் 4,100 கிலோ எடை. டெஸ்லா சைபர்டிரக் கிட்டத்தட்ட 5.7 மீட்டர் நீளம், கண்ணாடி விரித்தால் 2.4 மீட்டர் அகலம். 2.4 மீட்டருக்குக் கோடு போட்ட பார்க்கிங் கட்டத்தில் அதை நிறுத்தினால் கதவு திறக்க இடம் மிஞ்சாது.

மக்கள் கேட்கிறார்கள், நிறுவனங்கள் செய்கின்றன. அவ்வளவுதானே?

அவ்வளவு எளிதல்ல. சட்டமும் லாபமும் வாங்குபவரை அந்தப் பக்கம் தள்ளின. அமெரிக்காவில் 1975 சட்டத்தின் கீழ் வந்த எரிபொருள் சிக்கன விதிகள் கார்களிடம் கண்டிப்பாகவும் 'லைட் டிரக்' வகையிடம் தளர்வாகவும் நடந்துகொண்டன. எஸ்.யூ.வி.யும் பிக்-அப்பும் அந்தத் தளர்வான வகைக்குள் போய் உட்கார்ந்தன. 2011 மாடல் ஆண்டு முதல் கார்களுக்கும் டிரக்குகளுக்கும் நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்து இலக்கு நிர்ணயித்தார்கள். பரப்பு கூடினால் இலக்கு இளகும். வண்டியைப் பெரிதாக்குவதே சுலப வழி என்று ஆயிற்று.

இதோடு, இறக்குமதியாகும் லைட் டிரக்குகளுக்கு 1964 முதல் 25 சதவீத வரி இருப்பதால் உள்நாட்டுப் பிக்-அப் சந்தையில் வெளிப்போட்டி குறைவு. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டு, அதாவது சுமார் 2,720 கிலோவைத் தாண்டிய வண்டியைத் தொழிலுக்கு வாங்கினால் வருமான வரியில் கூடுதல் கழிவும் உண்டு. ஒரு நாட்டுச் சட்டம்தான் என்றாலும், அங்கே வரைந்த மாடல்கள் பல கண்டங்களில் ஓடுகின்றன.

நடந்து போகிறவருக்கு எடை ஆபத்தா, உயரம் ஆபத்தா?

இந்த விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். 70 கிலோ மனிதர் மீது 1,400 கிலோ கார் மோதினால், அவர் உடல் காரின் வேகத்தில் ஏறக்குறைய 95 சதவீதத்தை எட்டும். 4,100 கிலோ வண்டி மோதினால் 98 சதவீதம். வித்தியாசம் சொற்பம், மனிதரோடு ஒப்பிட்டால் எல்லா வண்டியும் மலைதான். நடப்பவரின் உயிரைத் தீர்மானிப்பவை இரண்டு: வேகம், முகப்பின் வடிவம்.

தாழ்ந்த, சரிந்த பானெட் பெரியவரின் காலில் மோதும். உடல் பானெட் மேல் சாயும். காயம் கடுமையாக இருந்தாலும், தகடு நசுங்கி அடியின் வேகத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். நிமிர்ந்த உயர முகப்பு நேராக இடுப்பு, வயிறு, மார்பில் மோதும். உடலின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே அடி விழுவதால் ஆள் முன்னால் தரையில் வீழ்த்தப்படுவார். சக்கரம் ஏறும் வாய்ப்பு கூடும். குழந்தைக்கு அந்த அடி தலையில் விழும்.

ஐ.ஐ.எச்.எஸ். 2023-ல் ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்தது. பானெட் உயரம் சுமார் 102 செ.மீ.க்கு மேல் உள்ள வண்டிகள், 76 செ.மீ. அல்லது அதற்குக் கீழ் சரிவான முகப்பு உள்ளவற்றைவிட, மோதினால் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. இடைப்பட்ட உயரத்திலும் முகப்பு செங்குத்தாக இருந்தால் ஆபத்து கூடியது. அமெரிக்காவில் 2009-ல் சுமார் 4,100 பாதசாரிகள் இறந்தனர். 2022-ல் 7,500-க்கும் மேல். எல்லாவற்றுக்கும் வண்டியின் அளவு காரணமில்லை. இருட்டு, அகலச் சாலைகள், வேகம், கைபேசி எல்லாம் சேரும். ஆனால் முகப்பு உயரம் வரைபலகையில் மாற்றக்கூடியது. அதனால்தான் அதைப் பற்றி இத்தனை அழுத்தமாகப் பேசுகிறோம்.

உயரமாக உட்கார்ந்தால் நன்றாகத் தெரியுமே?

தூரத்தில் இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது மறையும். ஒரு கணக்கு: ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.7 மீட்டர், பானெட்டின் முன்விளிம்பு 1.2 மீட்டர் உயரம், கண்ணிலிருந்து 1.8 மீட்டர் முன்னால். இந்த வண்டியில் 1 மீட்டர் உயரக் குழந்தையின் உச்சந்தலை, பானெட்டிலிருந்து 72 செ.மீ. தள்ளி நின்றால்தான் தெரியத் தொடங்கும். 80 செ.மீ. உயரக் குழந்தைக்கு அந்தத் தூரம் 1.44 மீட்டர். ஓட்டுநர் குள்ளமாக இருந்து கண் 10 செ.மீ. தாழ்ந்தால் 1.8 மீட்டர். முன்விளிம்பு 75 செ.மீ. உயரமுள்ள சாதாரணக் காரில் அதே குழந்தையின் தலை விளிம்புக்கு மேலேயே இருக்கும், மறையாது.

தரை எந்தத் தூரத்தில் தெரியத் தொடங்குகிறது என்று மட்டும் அளந்து ஒப்பிடுவோர் உண்டு. அது ஏமாற்றும். மேலே சொன்ன பெரிய வண்டியில் அது 4.3 மீட்டர், கண் 1.15 மீட்டர் உயரத்திலும் விளிம்பு 2.1 மீட்டர் முன்னாலும் உள்ள சாதாரணக் காரில் 3.9 மீட்டர். பெரிய வேறுபாடு இல்லாதது போலத் தோன்றும். குழந்தையின் உயரத்துக்கு அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

முன்பக்கம் மட்டுமல்ல. முன்கண்ணாடியின் இருபக்கமும் கூரையைத் தாங்கும் ஏ பில்லர்களும் பக்கக் கண்ணாடிகளும் தடித்துவிட்டன. 10 மீட்டர் ஆரத்துக்குள் முன்னால் கண்ணுக்குத் தெரியும் பகுதி 1997 ஹோண்டா சி.ஆர்-வி.யில் 68 சதவீதமாக இருந்தது, 2022 மாடலில் 28 சதவீதம் என்று ஐ.ஐ.எச்.எஸ். அளந்தது. எதிர்த்தடத்தை வெட்டித் திரும்பும்போது பாதசாரியை இடிக்கும் வாய்ப்பு, கார்களைவிட எஸ்.யூ.வி.களுக்கு இரு மடங்கு, பிக்-அப்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும் அதே நிறுவனம் 2022-ல் கண்டது. பில்லருக்குப் பின்னால் ஓர் ஆள் முழுதாக ஒளிந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

என் வண்டியில் எவ்வளவு மறைகிறது என்று எப்படி அளப்பது?

இரண்டு பேர், ஓர் அளவு நாடா, 80 செ.மீ.யும் 1 மீட்டரும் உயரமுள்ள இரண்டு குச்சிகள், சாக்பீஸ். கால் மணி நேர வேலை.

1. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுச் சாவியை எடுத்துவிடுங்கள்.
2. வழக்கமாக ஓட்டும் நிலையில் இருக்கையை வைத்து உட்காருங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் அளவு பொய்யாகும்.
3. உதவியாளர் 80 செ.மீ. குச்சியைப் பம்பரின் நடுவில் ஒட்டி நிறுத்தி, மெல்ல முன்னால் நகர்த்தட்டும். அதன் முனை தெரிந்ததும் தரையில் குறியுங்கள்.
4. இதையே பம்பரின் இரு மூலைகளிலும், பிறகு 1 மீட்டர் குச்சியிலும் செய்யுங்கள்.
5. ஏ பில்லருக்கு, 5 மீட்டர் தூரத்தில் உதவியாளரைக் குறுக்கே நடக்கச் சொல்லி, அவர் மறையும் இடத்தையும் மீண்டும் தெரியும் இடத்தையும் குறியுங்கள்.

குறிகளைச் சாக்பீஸால் இணைத்தால் உங்கள் குருட்டுப் பகுதி தரையில் வரைபடமாகக் கிடக்கும். வீட்டில் ஓட்டும் எல்லோரும் தனித்தனியே அளக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும். குச்சிக்குப் பதிலாகக் குழந்தையை நிறுத்தி அளக்கவே வேண்டாம்.

கேமராவும் தானியங்கி பிரேக்கும் இதைச் சரிசெய்யாதா?

ஓரளவு. பின்பக்கக் கேமரா அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய வண்டிகளில் கட்டாயம், பயன் தருகிறது. முன்பக்கக் கேமரா பல மாடல்களில் மிகக் குறைந்த வேகத்தில் மட்டுமே வேலை செய்யும். லென்ஸில் ஒரு துளி சேறு பட்டால் போச்சு. பாதசாரியைக் கண்டு தானே நிற்கும் பிரேக், பாதசாரி விபத்துகளை 27 சதவீதம் குறைத்தது என்றும், விளக்கில்லாத இருட்டுச் சாலையில் பலன் தெரியவில்லை என்றும் ஐ.ஐ.எச்.எஸ். ஆய்வு சொல்கிறது. நேரடிப் பார்வை முதலில், கருவி அதற்குப் பிறகு.

லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஓட்டுநரின் நேரடிப் பார்வைக்கு நட்சத்திர மதிப்பு பெற்றிருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் குறைந்தது மூன்று நட்சத்திரம், அல்லது அதற்கு ஈடான பாதுகாப்புக் கருவிகள். இதுபோன்ற அளவுகோல் தனியார் பிக்-அப்களுக்கும் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

உள்ளே இருக்கும் என் குடும்பம் பத்திரமாக இருக்குமா?

நியாயமான கேள்வி, மறைக்காமல் பதில் சொல்ல வேண்டியது. இரண்டு வண்டிகள் மோதும்போது கனமானது உள்ளிருப்பவரைக் காக்கும். அந்தப் பாரம் எதிர்வண்டியில் இறங்கும். 4,100 கிலோ வண்டியும் 1,400 கிலோ காரும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் கனமான வண்டியின் திசையில் 24.5 கி.மீ. வேகத்தில் நகரும். கனமான வண்டியில் இருப்பவர் 25.5 கி.மீ. வேக மாற்றத்தைத் தாங்குகிறார். சிறிய காரில் இருப்பவர் தாங்க வேண்டியது 74.5 கி.மீ.

ஆனால் இந்த லாபத்துக்கு எல்லை உண்டு. சராசரி எடையைத் தாண்டிய பிறகு, கூடும் ஒவ்வொரு கிலோவும் உள்ளிருப்பவருக்குப் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை, வெளியே இருப்பவருக்கான ஆபத்தை மட்டும் கூட்டுகிறது என்பது ஐ.ஐ.எச்.எஸ்.ஸின் 2025 ஆய்வு. நடுத்தர எடையில், மோதல் சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்ற கார் குடும்பத்துக்குப் போதும். உங்கள் வீட்டுக் குழந்தையும் தெருவில் நடக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எளிதில் கவிழுமா?

சக்கரங்களின் இடை அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பாருங்கள். கார்களுக்கு இது பொதுவாக 1.3 முதல் 1.5, எஸ்.யூ.வி.களுக்கு 1.0 முதல் 1.3. எண் குறையக் குறையக் கவிழும். வழுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. வந்த பிறகு கவிழ்தல் நன்றாகக் குறைந்தது. கூரைமேல் பாரம் ஏற்றினால் அந்த நன்மையைக் கையால் கழித்துக்கொள்கிறீர்கள்.

மின்சார வண்டி என்றால் பரவாயில்லையா?

புகைக்குப் பரவாயில்லை, மோதலுக்கு இல்லை. மின்சார ஹம்மரின் பேட்டரி மட்டுமே 1,300 கிலோ. அதுவே ஒரு சிறிய கார். 50 கி.மீ. வேகத்தில் 4,100 கிலோ வண்டி சுமக்கும் ஆற்றல், 1,400 கிலோ கார் ஏறக்குறைய 86 கி.மீ. வேகத்தில் சுமப்பதற்குச் சமம். அமெரிக்காவில் சாலையோர இரும்புத் தடுப்புகளைச் சோதிக்கும் பிக்-அப்பின் எடை 2,270 கிலோ. நெப்ராஸ்கா பல்கலைக்கழகச் சோதனையில், 3 டன்னுக்கு மேற்பட்ட மின்சார பிக்-அப் அத்தகைய தடுப்பைக் கிழித்துக்கொண்டு அப்பால் போனது.

சாலையைக் கெடுக்குமா?

அச்சு எடையின் நான்காம் அடுக்கில் சேதம் கூடும் என்ற விதி, இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில் பிறந்தது. அதன்படி 4,100 கிலோ வண்டி 1,400 கிலோ காரைவிட எழுபது மடங்குக்கு மேல் சேதம் செய்யும். பயமுறுத்தும் எண்தான். ஆனால் அச்சுக்கு 10 டன் ஏற்றிய லாரி அந்தப் பெரிய வண்டியைவிட ஐந்நூறு மடங்குக்கு மேல் கெடுக்கும். சாலைச் சேதத்தைப் பெரிய எஸ்.யூ.வி. மேல் போடும் வாதம் பலவீனமானது, அதை விட்டுவிடலாம்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர் போட்டால் என்ன கெடும்?

கேட்காமலே பலர் செய்துவிடுவதால் விரிவாகச் சொல்கிறோம்.

டயர்: 265/70 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ. அதைக் கழற்றி 285/75 ஆர் 17 போட்டால் 859 மி.மீ. வித்தியாசம் 7 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 107-ல் போவீர்கள். பிரேக் பிடிக்கும் வலுவும் அதே அளவு குறையும். சக்கரம் கனத்ததால் நிறுத்தும் தூரம் இன்னும் நீளும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசும். கரடுமுரடான டயருக்கு ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பு பெரும்பாலும் குறைவு.

லிஃப்ட்: 5 செ.மீ. உயர்த்தினால் முன் அச்சிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டு வளைந்த கோணத்திலேயே சுழன்று, ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் சிந்தித் தேயும். பின்பக்க டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறி 60, 70 கி.மீ. வேகத்தில் அதிர்வு வரும். பிரேக் ஹோஸ் இழுபடும். சஸ்பென்ஷனை முழுதாகத் தொங்கவிட்டுத் தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈர்ப்பு மையம் உயர்வதால் ஈ.எஸ்.சி.யின் கணக்கு பிசகும். தானியங்கி பிரேக்கின் கேமராவையும் ரேடாரையும் மறுபடி அளவமைக்காவிட்டால் அவை தவறான இடத்தைப் பார்க்கும். முன்பு சொன்ன கணக்கில் 1 மீட்டர் குழந்தை மறையும் தூரம் 72-லிருந்து 90 செ.மீ. ஆகும். சுமைத் தகுதி ஒரு கிலோகூடக் கூடாது.

போட்டே ஆக வேண்டுமென்றால்: வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம், கேமரா அளவமைப்பு மூன்றையும் அதே நாளில் முடியுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள்.

எதிரே வருபவர் ஹெட்லைட் கூசுகிறது என்கிறார். என்ன செய்வது?

விளக்கு உயரத்தில் இருப்பதுதான் காரணம். ஐ.நா. விதிமுறையில், 1 மீட்டருக்கு மேல் பொருத்திய டிம் விளக்கின் தொடக்கச் சாய்வு 1.5 முதல் 2 சதவீதம் தாழ்வாக இருக்க வேண்டும். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்தைவிட 15 முதல் 20 செ.மீ. கீழே விழ வேண்டும். டயர் காற்று சரியாக இருக்கட்டும். பின்னால் பாரம் ஏற்றினால் முகப்பு தூக்கிக்கொள்ளும், டாஷ்போர்டில் விளக்கின் சாய்வை மாற்றும் சிறு திருகுச் சக்கரத்தைத் திருப்பித் தாழ்த்துங்கள்.

முன்னால் இரும்பு புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் குழாய்ச் சட்டம்)?

வேண்டாம். அடியைப் பரப்பாமல் ஒரு குழாயின் அகலத்தில் குவிக்கும். நசுங்க வேண்டிய பகுதியை நசுங்கவிடாது. ஏர்பேக் சென்சாரின் நேரத்தையும் குழப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் இதற்குப் பாதசாரிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய அரசு, இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரண் என்று மாநிலங்களுக்கு எழுதியது.

வெள்ளத்தில் உயர வண்டி காப்பாற்றுமா?

ஓடும் நீர் 60 செ.மீ. இருந்தால் எஸ்.யூ.வி.யையும் பிக்-அப்பையும் அடித்துக்கொண்டு போகும். திரும்பிவிடுங்கள்.

யாருக்குத்தான் இது தேவை?

மூன்று டன் டிரெய்லரை அடிக்கடி இழுப்பவர், சாலையே இல்லாத இடத்தில் கருவிகளோடு வேலைக்குப் போகிறவர், சக்கர நாற்காலியோடு பயணிப்பவர்களில் சிலர். இவர்களிடம் எங்களுக்கு வழக்கில்லை. மண், மணல், சேறு என்று போகிறவருக்கு எடை எதிரி: 1,100 கிலோ சுசூகி ஜிம்னி போகும் பல இடங்களில் மூன்று டன் வண்டி புதையும். ஆண்டுக்கு இரண்டு முறை சுமை ஏற்றுவதற்காகத் தினமும் பெரிய பிக்-அப் ஓட்ட வேண்டியதில்லை. அந்த இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

அரசுகள் என்ன செய்கின்றன?

பாரிஸ் 2024 அக்டோபர் முதல் வெளியூர் வண்டிகளுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மும்மடங்காக்கியது: 1.6 டன்னுக்கு மேற்பட்ட எரிபொருள் வண்டியும் 2 டன்னுக்கு மேற்பட்ட மின்சார வண்டியும் நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ. பிரான்ஸ் எடை வரிக்கான வரம்பை 2022-ல் 1,800 கிலோவில் தொடங்கி 2024-ல் 1,600-க்கு இறக்கியது. நார்வே 2023 முதல் மின்சாரக் கார்களுக்கும் எடை வரி போடுகிறது. ஜப்பானின் கே கார்கள் எதிர்த்திசைக்கு நல்ல உதாரணம்: நீளம் 3.4, அகலம் 1.48 மீட்டருக்குள் இருந்தால் வரிச் சலுகை.

இவை எல்லாம் எடையையோ நீள அகலத்தையோ பிடிக்கின்றன. பானெட் உயரத்துக்கு நேரடி உச்சவரம்பு வைப்பதில்லை. பாதசாரியின் தலை மோதும் சோதனைக்கு ஐரோப்பா, ஜப்பான் உட்படப் பல நாடுகளில் விதி உண்டு. அமெரிக்கா 2024 செப்டம்பரில்தான் அதற்கு முன்மொழிவு வெளியிட்டது.

ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது என்ன செய்யலாம்?

இருக்கையைத் தலை இடிக்காத அளவுக்கு உயர்த்துங்கள். கிளம்புமுன் வண்டியை ஒரு சுற்று நடந்து பாருங்கள். நடந்து பார்த்ததும் தாமதிக்காமல் ஏறி நகர்த்துங்கள், இடையில் போன் பேசினால் பார்த்தது வீண். வீட்டு வாசலில் பின்பக்கமாக உள்ளே விட்டு, முன்பக்கமாக வெளியே எடுப்பது பொதுவாக நல்ல பழக்கம். பானெட் உயரமான வண்டியில் முன்னால் எடுக்கும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும். திரும்பும்போது உடலை முன்னும் பின்னும் அசைத்து ஏ பில்லருக்குப் பின்னால் பாருங்கள். பள்ளி, சந்தை, குடியிருப்புத் தெருக்களில் 30 கி.மீ.யைத் தாண்டாதீர்கள். தெருமுனையில் நிறுத்த வேண்டாம். நிற்கும் வண்டியே பிறர் பார்வையை மறைக்கும்.

நடந்தோ சைக்கிளிலோ போகிறேன். எனக்கு?

நிற்கும் உயர வண்டியின் மூக்கை ஒட்டிக் குறுக்கே கடக்காதீர்கள். மூன்று மீட்டராவது தள்ளிக் கடங்கள். ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கையில் பிடித்து, வண்டி நிற்கும் பக்கத்துக்கு மறுபக்கம் நடத்துங்கள். சைக்கிளில், திரும்பக் காத்திருக்கும் பிக்-அப்பின் முன் மூலையருகே நிற்காமல் அதன் பின்னாலோ, முன்னால் நான்கைந்து மீட்டர் தள்ளியோ நில்லுங்கள்.